எட்டு வண்ணமும் எட்டாத சாம்பலும்

கணினித் திரையில் ஒரு படம் தோன்றுவதற்குப் பின்னால் இயக்குதளம், வரைகலை அட்டை, அவற்றுக்குரிய மென்பொருள் என்று பல அடுக்குகள் வேலை செய்கின்றன. அந்த அடுக்குகளை எல்லாம் நீக்கிவிட்டு, வெறும் தர்க்கச் சுற்றுகளைக் கொண்டே அதே படத்தைத் திரையில் நிறுத்த முனைபவருக்கு, படம் என்பது இடத்தில் பரப்பி வைத்த ஒன்றாக அல்லாமல் காலத்தில் வரிசையாக நிகழும் ஒன்றாகத் தெரியத் தொடங்குகிறது. எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும் சில்லு இந்தப் பயிற்சிக்கு மிகப் பொருத்தமான களம். ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று தொழிற்சாலையிலேயே முடித்துத் தரப்படாமல், வாங்கியவரே தம் மேசையிலிருந்து அதன் உட்சுற்றை வகுக்கவும், வேண்டாதபோது அழித்து வேறொன்றாக வகுக்கவும் இடம் தருவது அதன் இயல்பு. ராஸ் ஃப்ரீமேன் உருவாக்கிய கருத்தின்மேல் சைலின்க்ஸ் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட முதல் சில்லில் இவ்வாறு வகுத்துக்கொள்ளக்கூடிய தர்க்கத் தொகுதிகள் 64 மட்டுமே இருந்தன. இருபது ஆண்டுகளுக்குள் அவை கல்லூரி ஆய்வகத்துக்கு வாங்கக்கூடிய விலையில் ஆயிரக்கணக்கில் கிடைத்தன.

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரி ஒன்றின் மின்னணுவியல் ஆய்வகத்தில், 2000-களின் பிற்பகுதி தொடங்கிப் பல ஆண்டுகள் மாணவர்களின் இறுதியாண்டுச் செயல்திட்டங்களை வழிநடத்திய இக்கட்டுரையாளரின் நினைவில், இந்தப் படம் காட்டும் வேலை ஒரு நீண்ட தேடலாகவே பதிந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கருப்பு வெள்ளைப் படம் எளியது, வண்ணப் படம் அதன் அடுத்த படி என்றே எண்ணுவார்கள். திரைப்படமும் தொலைக்காட்சியும் அந்த வரிசையில்தான் வளர்ந்தன. அந்த ஆய்வகத்தில் நடந்தது நேர்மாறானது. வண்ணம் தொடக்கத்திலேயே கைகூடியது. கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலுள்ள சாம்பல் நிறப் படிகளைத்தான் ஒவ்வொன்றாக உழைத்துப் பெற வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் எல்லோரும் ‘கிட்’ என்று சொல்லும் பயிற்சிப் பலகை அப்போது ஸ்பார்டன்-3 சில்லைத் தாங்கியது. நொடிக்கு 5 கோடி முறை துடிக்கும் கடிகாரம் ஒன்றும், 1 மெகாபைட் அளவுள்ள வெளி நினைவகமும், கணினியோடு பேச ஒரு தொடர்முனையும், திரையை இணைக்க 15 ஊசித்துளைகள் கொண்ட வி.ஜி.ஏ. முனையும் அதில் இருந்தன. படத்துக்கு வேண்டியவை இவ்வளவே.

வி.ஜி.ஏ. என்பது ஐ.பி.எம். நிறுவனம் 1987-இல் தன் பி.எஸ்./2 கணினிகளோடு அறிமுகப்படுத்திய முறை. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று வண்ணங்களின் செறிவைச் சொல்லும் மூன்று கம்பிகளும், வரி எப்போது முடிகிறது, முழுப்படம் எப்போது முடிகிறது என்று சொல்லும் இரண்டு ஒத்திசைவுக் கம்பிகளுமே அதன் சாரம். எந்தப் புள்ளி எங்கே விழ வேண்டும் என்ற முகவரி எதுவும் அந்தக் கம்பிகளில் போவதில்லை. எந்தக் கணத்தில் மின்னழுத்தம் வருகிறதோ அந்தக் கணமே புள்ளியின் இடம். 640 புள்ளி அகலமும் 480 வரி உயரமும் கொண்ட படத்துக்கு ஒவ்வொரு வரியிலும் உண்மையில் 800 துடிப்புகள் தேவைப்படுகின்றன: கண்ணுக்குத் தெரியும் 640-க்குப் பின் 16 துடிப்புகள் வெறுமையாகக் கழிய, 96 துடிப்புகள் ஒத்திசைவுக்குறி தாழ்ந்து நிற்க, மேலும் 48 துடிப்புகள் வெறுமையாகக் கழிந்த பின்னரே அடுத்த வரி தொடங்கும். செங்குத்திலும் இதுவே நிலை. 480 வரிகளுக்குப் பின் 10, 2, 33 என்று சேர்ந்து மொத்தம் 525 வரிகள். பழைய படக்குழாய்த் திரைகளில் எலெக்ட்ரான் கற்றை வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குத் திரும்ப நேரம் வேண்டியிருந்ததே இந்த வெற்று நேரத்தின் காரணம். தட்டச்சுப் பொறியில் வரி முடிந்ததும் உருளையைத் தள்ளி மீண்டும் தொடக்கத்துக்குக் கொண்டுவரும் அந்த இடைவேளையைப் போன்றது அது. விதிப்படி புள்ளிகளின் வேகம் 25.175 மெகாஹெர்ட்ஸ், கிட்டின் 50 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை இரண்டால் வகுத்தால் 25 கிடைக்கும். படம் நொடிக்கு 59.94 முறை புதுப்பிக்கப்படுவதற்குப் பதில் 59.52 முறை புதுப்பிக்கப்படும் அந்தச் சிறு வேறுபாட்டை ஆய்வகத்தின் எந்தத் திரையும் பொருட்படுத்தியதில்லை. ஆக, ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் 2.5 கோடியில் ஒரு பங்கு. 800 வரை எண்ணும் ஓர் எண்ணியும், அது ஒரு சுற்று முடிக்கும்தோறும் ஒன்று கூடி 525 வரை எண்ணும் மற்றோர் எண்ணியும் இருந்தால் திரைக்கான முழுக் காலக்கணக்கும் அமைந்துவிடுகிறது. வன்பொருளை விவரிக்கும் வெரிலாக் மொழியில் எழுதினால் அது ஒரு பக்கத்தைத் தாண்டாது.

இந்த வெற்று நேரத்துக்கு இன்னொரு பணியும் உண்டு என்பது பாடநூல்களில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி. திரையின் உட்சுற்று, ஒத்திசைவுக்குறிக்குப் பின்வரும் இடைவெளியில் வண்ணக் கம்பிகளில் என்ன மின்னழுத்தம் இருக்கிறதோ அதையே கருப்பு என்று குறித்துக்கொண்டு, மற்ற செறிவுகளை எல்லாம் அதிலிருந்து அளக்கிறது. எனவே முழுத்திரையும் வெள்ளையாக வேண்டும் என்று மூன்று வண்ணங்களையும் இடைவிடாமல் உயர்த்தியே வைத்தால், அந்த உயர்ந்த நிலையே கருப்பு என்று கொள்ளப்பட்டுத் திரை இருண்டு போகிறது. புதிய மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பெருவியப்பைத் தந்த நிகழ்வு இது. அந்த ஆய்வகத்தின் உதவியாளர், கல்லூரிப் பணிக்கு வருவதற்கு முன் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர். எண்ணிகளையும் நிரலையும் அவர் அறியாவிட்டாலும், இருண்ட திரையைக் கண்ட மாத்திரத்தில் கற்றை திரும்பும் நேரத்திலும் வெளிச்சம் நிறுத்தப்படவில்லை என்று சொல்லிவிடுவார். படக்குழாய்க் காலத்து அறிவு வன்பொருள் நிரலின் பிழையை இவ்வளவு நேராகச் சுட்டிக்காட்டியதை இக்கட்டுரையாளர் பெரிதும் மதிக்கிறார். அலைகாட்டியில் பல மணிநேரம் தேடியும் புலப்படாதது அந்த ஒரு பார்வையில் புலப்பட்டது.

காலக்கணக்கு அமைந்ததும் வண்ணம் தானாகவே வந்து சேர்ந்தது. அந்தக் கிட்டில் ஒரு வண்ணத்துக்கு ஒரே ஒரு பிட், அதாவது ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்னும் இரண்டு நிலைகள் மட்டுமே. சில்லின் 3.3 வோல்ட் வெளியீடு 270 ஓம் மின்தடை வழியே சென்று, திரைக்குள் இருக்கும் 75 ஓம் மின்தடையோடு பங்கிடப்படும்போது, வி.ஜி.ஏ. எதிர்பார்க்கும் உச்ச அளவான 0.7 வோல்ட்டை ஒட்டி நிற்கிறது. மூன்று பிட்களைச் சேர்த்தால் கருப்பு, நீலம், பச்சை, மயில்நீலம், சிவப்பு, கருஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று எட்டு வண்ணங்கள். கிடைமட்ட எண்ணியின் மேல் பிட்கள் மூன்றை, வெற்று நேரத்தில் மட்டும் தாழ்த்தி, வண்ணக் கம்பிகளோடு இணைத்தாலே திரையில் வண்ணப் பட்டைகள் நின்றுவிடும். அதைக் கண்ட மாணவர்கள் வேலையின் கடினமான பகுதி முடிந்துவிட்டது என்று நம்பினார்கள்.

ஒரு புகைப்படத்தைக் காட்ட முயன்றபோதுதான் அந்த எட்டு வண்ணங்களின் வறுமை தெரிந்தது. சாம்பல் நிறம் என்பது சிவப்பும் பச்சையும் நீலமும் ஒரே அளவில் கலந்த நிலை. ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிலைகள் என்றால், மூன்றும் சமமாக அமையும் வாய்ப்புகளும் இரண்டே, அவை கருப்பும் வெள்ளையும். எட்டு வண்ணங்களைத் தரவல்ல கருவியால் ஒரே ஒரு சாம்பலைக்கூடத் தர இயலவில்லை. கருப்பு மை ஒன்றை மட்டும் கொண்டு நாளிதழ்கள் புகைப்படம் அச்சிட்ட முறையே அங்கு வழிகாட்டியது: பெரிய புள்ளியும் சிறிய புள்ளியுமாகத் தாளில் இட்டால், சற்றுத் தொலைவிலிருந்து காணும் கண் அவற்றைச் சராசரியாக்கிச் சாம்பலாக்கிக்கொள்ளும். திரையில் புள்ளியின் அளவை மாற்ற இயலாததால், எத்தனை புள்ளிகள் ஒளிர்கின்றன என்பதை மாற்ற வேண்டும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1973-இல் வெளியிட்ட முறை இதற்கென்றே அமைந்தது. 4×4 கட்டத்தில் 16 வாசல் அளவுகளைத் தக்க ஒழுங்கில் இட்டு, அந்தக் கட்டத்தைப் படம் முழுதும் பரப்பி, ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் அதன்மேல் விழும் வாசல் அளவோடு ஒப்பிட்டு, மிகுந்தால் வெள்ளை, குறைந்தால் கருப்பு என்று முடிவு செய்தால் 17 படிகள் கொண்ட சாம்பல் கிடைக்கிறது. ஃப்ளாய்டும் ஸ்டைன்பெர்கும் 1976-இல் தந்த முறை, ஒரு புள்ளியில் நேர்ந்த பிழையை அடுத்துள்ள நான்கு புள்ளிகளுக்குப் பதினாறில் 7, 3, 5, 1 என்னும் பங்குகளாகப் பிரித்துக் கொடுத்து, இன்னும் நயமான படத்தைத் தருவது. ஆனால் ஒரு வரியின் பிழைகளை அடுத்த வரிவரை நினைவில் வைத்திருக்க வேண்டும். பேயரின் முறைக்கு நினைவகமே வேண்டாம். இரண்டு எண்ணிகளின் கடைசி இரண்டிரண்டு பிட்களும், 16 எண்கள் கொண்ட ஓர் அட்டவணையும், ஓர் ஒப்பீட்டுச் சுற்றும் போதும். புள்ளி திரைக்குப் போகிற போக்கிலேயே அதன் முடிவு எடுக்கப்பட்டுவிடும். வன்பொருளின் இயல்புக்கு இவ்வளவு இசைந்த வேறொரு வழிமுறையை அந்த ஆய்வகம் கண்டதில்லை.

அப்படியும் முதலில் வந்த படங்கள் வெளிறியே இருந்தன. படக்கோப்பில் 0 முதல் 255 வரை உள்ள அளவுகோலில் 128 என்பது பாதி என்று தோன்றினாலும், அது பாதி வெளிச்சம் அன்று. திரையின் ஒளி, வந்த மதிப்புக்கு நேர்விகிதத்தில் அல்லாமல் ஏறத்தாழ அதன் 2.2 மடிப் பெருக்கமாக உயர்வதால், 128 என்ற மதிப்பு முழு வெளிச்சத்தில் 22 விழுக்காட்டையே குறிக்கிறது. காமா என்று பெயர் பெற்ற இந்த வளைவைக் கணக்கில் எடுக்காமல் புள்ளிகளில் பாதியை ஒளிரச் செய்தால், 22-க்குப் பதில் 50 விழுக்காடு வெளிச்சம் வந்து, நிழல்கள் எல்லாம் கரைந்துபோகும். ஒப்பீட்டுச் சுற்றுக்கு முன்னால் 256 எண்கள் கொண்ட ஒரு மாற்று அட்டவணையை வைத்து மதிப்புகளை மெய்யான வெளிச்சமாக மாற்றிய பின்னரே முகங்களுக்கு ஆழம் வந்தது.

படத்தை எங்கே வைப்பது என்பது அடுத்த வினா. சில்லின் உள்ளேயே இருக்கும் நினைவகமான பிளாக் ராம், ஆய்வகத்தில் இருந்த கிட்டில் 216 கிலோபிட் மட்டுமே. 640×480 அளவுள்ள சாம்பல் படத்துக்கு, புள்ளிக்கு 8 பிட் என்றால் 24,57,600 பிட் வேண்டும். பத்தில் ஒரு பங்குகூட உள்ளே கொள்ளாது. எனவே தொடக்கத்தில் எல்லாரும் 128×128 என்ற சிறு சதுரத்தோடு நின்றார்கள். மேட்லேப் மென்பொருளில் படத்தை எண்களாக்கி, தொடக்க மதிப்புக் கோப்பாக எழுதி, சில்லின் வடிவமைப்போடு சேர்த்துவிட்டால், மின்சாரம் வந்து சில்லு வகுக்கப்படும்போதே படமும் உள்ளே அமர்ந்துவிடும். அகலம் 128 என்பதால் வரி எண்ணையும் புள்ளி எண்ணையும் அடுத்தடுத்து ஒட்டினாலே முகவரி கிடைத்துவிடும், பெருக்கல் எதுவும் தேவையில்லை. ஆனால் பிளாக் ராம் முகவரி கேட்ட அதே துடிப்பில் விடை தருவதில்லை, அடுத்த துடிப்பிலேயே தருகிறது. ஒத்திசைவுக்குறிகளையும் அதே அளவு தாமதிக்காவிட்டால் சதுரத்தின் இடது விளிம்பில் அந்நியமான ஒரு செங்குத்துக் கோடு நிற்கும். காலமே இடம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முழுத்திரைப் படத்துக்கு வெளி நினைவகத்தை நாட வேண்டும். சில்லுக்கு வெளியே இருந்த 1 மெகாபைட் எஸ்-ராம் 10 நானோநொடியில் விடை தருவது. ஒரு புள்ளிக்கு 40 நானோநொடி இருப்பதால், முதல் பாதியில் திரைக்காகப் படிக்கவும் மறுபாதியில் கணினியிலிருந்து வருவதை எழுதவும் போதிய நேரம் இருந்தது. தொடர்முனையின் வழியே நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் அனுப்பினால், தொடக்கக்குறியும் முடிவுக்குறியும் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட் செலவாக, 3,07,200 பைட் கொண்ட ஒரு படம் வந்து சேர ஏறத்தாழ 27 நொடிகள் ஆகும். அந்த 27 நொடிகளை இக்கட்டுரையாளர் எவ்வளவு முறை கண்டிருந்தாலும் சலிப்படைந்ததில்லை. மின்சாரம் தந்தவுடன் எஸ்-ராமில் தற்செயலாக நிற்கும் மதிப்புகள் திரை முழுவதும் புள்ளிக்கூட்டமாகத் தெரியும். பின்னர் மேலிருந்து கீழாக, வரி வரியாக, அந்தக் கூட்டம் ஒதுங்கிப் படம் இறங்கி வரும். ஒரு மாணவி தம் பாட்டியின் பழைய கருப்பு வெள்ளைப் படம் ஒன்றை வருடியில் இட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒளிப்பட நிலையத்தின் திரைச்சீலை முதலில் வந்தது. பிறகு வகிடெடுத்த தலை, நெற்றிப்பொட்டு, மூக்குத்தி, புன்னகை இல்லாத உதடுகள், கண்டாங்கிச் சேலையின் கட்டங்கள் என்று ஒவ்வொன்றாக இறங்கியபோது, மற்ற மேசைகளில் இருந்தவர்களும் எழுந்து வந்து நின்றார்கள். சேலையின் கட்டங்களும் பேயரின் கட்டங்களும் ஒன்றோடொன்று மோதி அலை அலையான கோலங்களைக் காட்டின; முகம் மட்டும் தெளிவாக இருந்தது. பட ஆய்வு உலகம் வழக்கமாகக் கையாண்ட ‘கேமராமேன்’ படமும், 1972-ஆம் ஆண்டு இதழொன்றிலிருந்து எடுக்கப்பட்ட ‘லெனா’ படமும் அதன்பின் அந்த ஆய்வகத்தில் பெரிதாகப் பயன்படவில்லை. ஐ.இ.இ.இ. கணினிச் சங்கம் 2024 ஏப்ரல் முதல் லெனா படத்தைத் தாங்கிய புதிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று அறிவித்தது சரியான முடிவு என்றும், தெரிந்த முகத்தில்தான் பிழைகள் விரைவில் தெரியும் என்றும் இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

புள்ளிக்கூட்டத்தால் ஆன சாம்பலோடு நிறைவடையாத ஒரு மாணவர் குழு, மெய்யான சாம்பலை மின்னழுத்தமாகவே உண்டாக்க விரும்பியது. கிட்டின் பக்கவாட்டிலிருந்த 40 ஊசி முனையில், வண்ணத்துக்கு 4 பிட் வீதம் 12 கம்பிகளை எடுத்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் 510 ஓம், 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம், 3.9 கிலோ ஓம் என்னும் நான்கு மின்தடைகளைச் சேர்த்துப் பற்றவைத்தார்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ இருமடங்கு என்பதால், ஒவ்வொரு பிட்டும் தன் இடமதிப்புக்கு ஏற்ற மின்னோட்டத்தைத் தரும். நான்கும் உயர்ந்தால் திரையின் 75 ஓம் மீது 0.72 வோல்ட் நிற்கும். மின்தடைகள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக வந்தன. 16 படிகள் கொண்ட சாம்பல் பட்டையைத் திரையில் இட்டபோது படிகள் அனைத்தும் ஒழுங்காக ஏறின, ஆனால் அவை சாம்பலாக இல்லை. ஒரு படி செம்மை தட்டியது, அடுத்தது பாசி படர்ந்தாற்போல் இருந்தது. அவை 5 விழுக்காடு வரை மாறுபடக்கூடிய கார்பன் மின்தடைகள். ஒரே வண்ணத்துக்குள் அந்த மாறுபாடு படியின் உயரத்தைச் சிறிது மாற்றுவதோடு நின்றுவிடும், மூன்று வண்ணங்களுக்கு இடையே வரும்போதோ சமநிலையைக் குலைத்துவிடும். ஒரு சிவப்பு மற்றொரு சிவப்பைவிடச் சிறிது மங்கலாக இருப்பதைக் கண் மன்னித்துவிடுகிறது. சாம்பலில் கலந்த சிறு செம்மையை மன்னிப்பதில்லை. பின்னர் 1 விழுக்காட்டுத் துல்லியமுள்ள உலோகப்படல மின்தடைகளை வாங்கி, அவற்றிலும் மல்டிமீட்டரால் அளந்து ஒத்தவற்றை மும்மூன்றாகத் தேர்ந்தெடுத்துப் பற்றவைத்தார்கள். காமாவுக்காக வைத்த மாற்று அட்டவணையை இப்போது நீக்க வேண்டியிருந்தது. மின்னழுத்தமாகப் போகும் மதிப்பைத் திரையே தன் வளைவின்படி வெளிச்சமாக்கிக்கொள்ளும். எந்த நிறமும் சாராத 16 படிச் சாம்பல் அன்று வந்தது.

அடுத்து வாங்கிய நெக்ஸிஸ்-2 கிட் 256 வண்ணங்களைத் தருவது. 8 பிட்களைச் சிவப்புக்கு 3, பச்சைக்கு 3, நீலத்துக்கு 2 என்று பங்கிட்ட வடிவமைப்பு அது. நீலத்தின் நுண்ணிய வேறுபாடுகளை மனிதக் கண் குறைவாகவே உணர்கிறது என்பதால் இப்பங்கீடு வண்ணப் படங்களுக்கு நியாயமானதே. கோயில் கோபுரங்களும் வயல்வெளிகளும் அதில் கண்கவரத் தெரிந்தன. சாம்பல் படத்தை இட்டபோது பழைய துன்பம் வேறு உருவில் திரும்பியது. சிவப்பும் பச்சையும் ஏழில் ஒரு பங்கு வீதம் ஏற, நீலம் மூன்றில் ஒரு பங்கு வீதம் ஏறுவதால், இரண்டு ஏணிகளும் அடியிலும் உச்சியிலும் அன்றி வேறெங்கும் சந்திப்பதில்லை. சாம்பல் மதிப்பின் மேல் பிட்களை அப்படியே எடுத்து மூன்று வண்ணங்களுக்கும் தந்தால், முதல் படியில் நீலம் இல்லாமல் மஞ்சள் தட்டும். இரண்டாம் படியில் 0.29-க்கு எதிரே நீலம் 0.33 நின்று நீலம் பூக்கும். மூன்றாம் படியில் 0.43-க்கு எதிரே அதே 0.33 நின்று மீண்டும் மஞ்சள் தட்டும். இப்படி மஞ்சளும் நீலமும் மாறி மாறி வர, கருப்பும் வெள்ளையும் மட்டுமே தூய்மையாக எஞ்சும். மூன்று பிட் கிட்டில் கருப்பு வெள்ளை மட்டுமே கிடைத்தது போல, 256 வண்ணங்கள் கொண்ட கிட்டிலும் நிறம் சாராதவை அவ்விரண்டே! பேயரின் கட்டமே மீண்டும் துணைக்கு வந்தது. ஒவ்வொரு வண்ணத்தையும் அதனதன் படிகளுக்கு இடையே தனித்தனியே புள்ளியிட்டுப் பரப்பினால், தனிப்புள்ளிகள் நிறம் சார்ந்திருந்தாலும் அவற்றின் சராசரி சாம்பலாகவே நிற்கிறது.

வண்ணப் படத்திலிருந்து சாம்பலைப் பெறுவதிலும் இந்தச் சமமின்மை தொழிற்படுகிறது. மூன்று வண்ணங்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வருவது கண் காணும் வெளிச்சம் அன்று. பச்சையே வெளிச்சத்தின் பெரும்பங்கைச் சுமக்கிறது. சிவப்பில் 0.299, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114 என்று எடுத்துக் கூட்டுவது தொலைக்காட்சித் துறையில் நிலைபெற்ற வழக்கம். பின்னங்கள் வன்பொருளுக்குச் சுமை என்பதால் அந்த ஆய்வகத்தில் 77, 150, 29 என்ற முழுஎண்களால் பெருக்கிக் கூட்டி, அந்த மூன்று எண்களின் கூட்டுத்தொகை 256 என்பதால் கடைசி 8 பிட்களை விட்டுவிடுவார்கள். வகுத்தல் சுற்று இல்லாமலே விடை வந்துவிடும். பிற்காலத்தில் மாணவர்கள் மலிவான ஓ.வி.7670 கேமராவை இணைக்கத் தொடங்கியபோது இந்தக் கணக்கும் தேவையற்றுப் போயிற்று. அந்தக் கேமராவை வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்துத் தரும் முறையில் இயக்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் வெளிச்ச பைட்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சாம்பல் படம் தயாராகவே கிடைத்தது. கேமராக்களின் ஒளியுணரிமேல் சிவப்பு, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கும் பச்சைக்கு இரு பங்குமாக வடிகட்டிகளைப் பதிக்கும் அமைப்பு, சாம்பலுக்கு 4×4 கட்டம் தந்த அதே பிரைஸ் பேயரின் ஆக்கம். அதற்கான காப்புரிமை 1976-இல் வழங்கப்பட்டது. படத்தைப் பிடிக்கும் முனையிலும் காட்டும் முனையிலும் ஒருவரின் சிந்தனையே நிற்பதை மாணவர்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டும் என்று இக்கட்டுரையாளர் வற்புறுத்தி வந்தார்.

ஆல்டெரா நிறுவனத்தின் சில்லைத் தாங்கிய டி.இ.2 கிட்டில், வண்ணத்துக்கு 10 பிட் வீதம் மின்னழுத்தமாக மாற்றும் ஏ.டி.வி.7123 என்ற தனிச்சில்லே இருந்ததால், 256 படிச் சாம்பல் எந்த உழைப்பும் இன்றி வந்தது. அதே காலத்தில் படக்குழாய்த் திரைகள் போய்த் தட்டைத் திரைகள் வந்து சேர்ந்தன. அவை வி.ஜி.ஏ. மின்னழுத்தத்தை மீண்டும் எண்களாக்கித் தம் புள்ளிகளில் பொருத்துபவை. படத்தின் விளிம்பு எங்கே என்று தாமே ஊகிக்க முயல்வதால், ஓரங்கள் கருப்பாக உள்ள படத்தை இட்டுவிட்டுத் தானியங்கிச் சரிசெய் பொத்தானை அழுத்தினால் படம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ஆகவே 640×480-இன் நான்கு ஓரங்களிலும் ஒரு புள்ளி அகலத்தில் வெள்ளைக் கட்டம் வரைந்துவிட்டே சரிசெய்வது அங்கு வழக்கமாயிற்று. வண்ணத்துக்கு 4 பிட் தரும் பேசிஸ்-3 போன்ற கிட்கள் வந்தபோது, 256×256 அளவுள்ள சாம்பல் படம் சில்லின் உள்நினைவகத்திலேயே அடங்கியது. மூன்று வண்ணங்களுக்கும் சமமான ஏணிகள் இருந்ததால் சாம்பலும் கேட்டவுடன் கிடைத்தது. எச்.டி.எம்.ஐ. முனை கொண்ட கிட்களில் மின்தடையோ மின்னழுத்த ஏணியோ இல்லை. எண்கள் எண்களாகவே திரைவரை செல்கின்றன.

அந்த ஆய்வகத்தில் முதற்பயிற்சி இன்றும் வி.ஜி.ஏ. கிட்டிலேயே நடக்கிறது. வெள்ளைக் கட்டத்துக்குள் 16 படிச் சாம்பல் பட்டையை இட்டுக் காட்டினால்தான் புகைப்படத்தை ஏற்ற ஒப்புதல் கிடைக்கும். எல்லாப் படிகளும் ஒரே பக்கம் சாய்ந்து நிறம் தட்டினால் மாணவர்கள் முதலில் திரையின் நிற அமைப்பைப் பார்க்கிறார்கள். ஏதேனும் ஒரு படி மட்டும் நிறம் தட்டினால், அந்தப் படியின் எண்ணை இரும எண்ணாக எழுதி எந்த பிட் அங்கே மாறுகிறது என்று கண்டு, கிட்டின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மல்டிமீட்டரோடு அந்த பிட்டின் மூன்று மின்தடைகளிடம் செல்கிறார்கள்.